எம்டன் வந்த ஊரில் ஒரு ஜெர்மன் மேசை

(‘அயல்மொழி கற்பது நமக்கு ஆதாயமா?’ என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டில் அப்பா கொஞ்சம் கண்டிப்பானவராக இருந்துவிட்டால், “அவர் பெரிய எம்டன்” என்று சொல்கிறோம் இல்லையா? அந்தச் சொல் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவில் சென்னையின் மீது குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28 விடியற்காலையில் அதே எம்டன் எங்கள் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிகள்தான். நான்காவதாகப் பொய்யாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டு வந்து, ரஷ்யக் கப்பலான ஜெம்சுக்கை மூழ்கடித்தது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் கல்லறையை இன்றும் எங்கள் வெஸ்டர்ன் ரோடு மயானத்தில் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் காலத்தில், 1943-44ல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களும் இங்கே தங்கிப் போயின. ஆனால் அதற்கெல்லாம் முன்பே பேன் மேயர் கம்பெனி பினாங்கில் வியாபாரம் செய்தது. 1970களில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் உருவானபோது முதலில் வந்த எட்டுத் தொழிற்சாலைகளில் ராபர்ட் போஷும் ஒன்று. பி.பிரவுனும் அந்த நாளிலேயே வந்துவிட்டது. எத்தனை தமிழ்க் குடும்பங்களில் அந்தத் தொழிற்சாலைகளின் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்படிப் பழகிய ஊரில் ஜெர்மன் மொழிக்கு ஆசைப்படுகிறவர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆயர் ஈத்தாம் சாலையில் மலேசிய ஜெர்மன் சங்கம் வகுப்பு நடத்துகிறது. வகுப்பில் படித்ததைப் பேசிப் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு கோப்பிக் கடையில் கூடுகிறோம். ஜெர்மானியர்கள் இதற்கு ‘ஷ்டம்டிஷ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக வருகிறவர்களின் மேசை என்று பொருள். நம்முடைய மாமாக் கடை மேசைதான்! அங்கே பீர், இங்கே தே தாரிக்.

ஒரு மணி நேரம் ஜெர்மன் மட்டும்தான் பேச வேண்டும். பொறியாளர் ஒருவர், தாதிப் பயிற்சி முடித்த பெண் ஒருவர், பாஹ் இசைக்காகவே மொழி படிக்கும் சீனப் பெரியவர் ஒருவர், பத்து பெரிங்கியில் குடியிருக்கும் ஜெர்மன் அம்மையார் ஒருவர். முதல் நாள் நான் “எனக்குப் பசிக்கிறது” என்று சொல்ல நினைத்து வேறெதையோ சொல்லிவிட்டேன். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தமிழ் தெரிந்தவனுக்கு ஜெர்மன் மொழியில் சில சலுகைகள் உண்டு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்களிடமும் இருக்கிறது. ‘டு’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். யாரிடம் எதைச் சொல்வது என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தடுமாறுவார், நமக்கு அது பாலர் பாடம். ‘வைல்’ என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் கடைசிக்கு ஓடிவிடும். ‘வைல் இஷ் தமிழ் லேர்ன’: ஏனென்றால், நான் தமிழ் படிக்கிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை! கையுறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைப் பிரித்தால் ‘கைச் சப்பாத்து’. ஆனால் சிறுமி என்ற சொல்லை ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்று மூன்றாம் பாலில் வைத்திருக்கிறார்களே, அதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சரி, பிழைப்புக்கு வருவோம். ஜெர்மனியில் படிக்கலாம், வேலை பார்க்கலாம் என்று இப்போது பலர் ஆசை காட்டுகிறார்கள். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. பாடன் வுட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு முன்கூட்டியே பணம் காட்ட வேண்டும். 2024ல் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது. எஸ்.பி.எம். சான்றிதழ் மட்டும் அங்கே போதாது. மொழியில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். தாதியாக முழுத் தகுதி பெற பொதுவாக நான்காவது படியான பி2 கேட்கிறார்கள். எங்கள் மேசைக்கு வரும் அந்தப் பெண், ‘மூன்றே மாதத்தில் மொழி, ஆறாம் மாதம் வேலை’ என்ற ஒரு முகவரின் பேச்சை நம்பி, அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினாள். முதல் படியோடு முகவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். இப்போது இரவு வேலை பார்த்துக்கொண்டே பி1 வரை வந்துவிட்டாள். நகை இன்னும் அடகுக் கடையில்தான்.

இங்கே பேசிய நண்பர் ஒருவர், “தமிழே தேய்கிறது, இதில் ஜெர்மன் எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கோபம். 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். அவர் வந்தது மதம் பரப்ப, அதை அவரும் மறைக்கவில்லை. ஆனாலும் 1715ல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடும், மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான தமிழ் இலக்கண நூலும் அந்த மணலில் தொடங்கியவைதானே! பிறகு கார்ல் கிரவுல் 1856ல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் கொடுத்தார். பிழையாகப் பேச வெட்கப்பட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

வெட்கம் என்றதும் என் வீட்டுக் கதை ஞாபகம் வருகிறது. என் தங்கை மகனை நான்தான் அந்த மேசைக்கு அழைத்துப் போனேன். ஜெர்மன் மொழியில் பத்து வார்த்தைக்கு ஆறு பிழை விடுவான், அசரமாட்டான். அதே பையன் வீட்டில் பாட்டி தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். ஒருநாள் கேட்டேன். “மாமா, அங்கே தப்பாகப் பேசினால் திருத்துகிறார்கள். இங்கே தப்பாகப் பேசினால், ‘தமிழனாகப் பிறந்து தமிழ் தெரியவில்லையே’ என்று சிரிக்கிறீர்கள். நீங்களும்தான் சிரித்தீர்கள்” என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் ‘பழம்’ என்பதைச் சொன்ன விதத்தைப் பார்த்து, அவனுக்கு ஒன்பது வயதில், ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் நான் சிரித்தது உண்மை.

போன மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் வீட்டிலும் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஒரு மணி நேரம் தமிழ் மட்டும். பாட்டிதான் தலைமை. யாரும் சிரிக்கக் கூடாது, திருத்தலாம். அந்த ஜெர்மன் அம்மையாரும் இரண்டு தடவை வந்தார். அவருக்கும் ‘ழ’ வரவில்லை. அவரும் என் மருமகனும் மாறி மாறிச் சொல்லிப் பார்க்கிறார்கள், பாட்டி நாக்கை எங்கே வைப்பது என்று காட்டிக்கொண்டிருக்கிறார். இந்த வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது.