தேகு மலைச்சரிவில் ஒரு நினைவுக்கல்



இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை சென்று பாருங்கள்; உணவகப் பலகைகளிலும் கொரிய எழுத்து மின்னுகிறது. 1998இல் ஊண்டாய் தொழிலகத்தினின்று முதல் மகிழுந்து வெளிப்போந்த நாள்தொட்டுக் கொரியரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் உழைக்கின்றனர். ஆயினும் கொரியா என்றதும் இங்குள்ளோர்க்குத் தோன்றுவன வண்டியும் கூலியுமே. அம் மண்ணில் இந்நிலத்தார் ஒருவர் சாம்பலாய் உறங்குவதை அறிந்தார் எத்துணைப் பேர்?

அவர் உண்ணி நாயர். 1911இல் பாலக்காட்டையடுத்த பறளியில் பிறந்தவர். ‘மலையாளத்தார் தாமே’ என்பார் உளரேல், அவர் பிறந்தபோது பாலக்காடு சென்னை மாநிலத்தது, அதற்கும் முன்னர்ச் சேரர் மண் என்பதை எண்ணிப் பார்க்க. இதழாளராய்த் தொடங்கி, இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்து, போர்முனைச் செய்திகளை உலகுக்கு உரைத்தவர்.

1950 சூன் 25இல் கொரியப் போர் மூண்டது. ஒன்றிய நாடுகள் அவையின் கொரியக் குழுவில் இந்தியாவின் மாற்றுப் பேராளராய் அவர் இருந்தார். ஆகத்துத் திங்களில் தென்கொரியர் கையில் எஞ்சியது தென்கிழக்கு மூலை ஒன்றே. நக்தோங்கு ஆறே அதன் அரண். பேராளர் அறைக்குள் இருந்தே அறிக்கை எழுதியிருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவரோ நேரிற் காணப் புறப்பட்டார். ஆகத்து 12ஆம் நாள், இலண்டன் இதழாளர்களான இயான் மோரிசன், கிறித்தோபர் பக்ளி ஆகியோருடன் வேகுவான் அருகே சென்றபோது ஊர்தி கண்ணிவெடியில் ஏறியது. மூவரும் மாண்டனர்.

மோரிசனின் கதையை அவரைக் காதலித்த ஆன் சூயின் 1952இல் நூலாக்கினார். 1955இல் அது திரைப்படமும் ஆயிற்று. நாயர்க்கு அத்தகு நூல் வாய்க்கவில்லை, கல் வாய்த்தது. குண்டுமழை ஓயுமுன்னரே, அவ்வாண்டு முடிவதற்குள், கொரியர் தேகு நகரின் பொமோ மலைச்சரிவில் அதனை நாட்டினர். வீடிழந்து, ஊரிழந்து, உண்ண வழியற்று நின்ற மக்கள் அயலான் ஒருவனுக்குக் கல்லெடுத்தனர்! நடுகல் வழிபட்ட இனத்தார்க்கு அதன் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

இன்று அச்சரிவைச் சூழ அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. கல் அங்கேயே நிற்கிறது. துணைவியார் விமலா மருத்துவர். அறுபது ஆண்டுகள் தனித்து வாழ்ந்து 2011இல் மறைந்தார். அவர் சாம்பலும் கடல் கடந்து சென்று, கணவர்க்கருகே அதே சரிவில் சேர்க்கப்பட்டது.

இங்கிருந்து பணிப்பயிற்சிக்காக உல்சான் தொழிலகம் செல்லும் தோழர்களே! சியோலிலிருந்து அவ்வூர்க்கு ஓடும் விரைவுத் தொடர்வண்டி தேகு வழியாகவே செல்கிறது.