கணினி மொழி கற்கும் நெறி

புதிய மொழியொன்றைக் கற்பதென்றால் ஆயிரக்கணக்கான சொற்களை மனத்தில் இருத்தவேண்டுமே என்று மலைக்கிறோம். ஆனால், பைத்தான் என்னும் கணினி மொழி தனக்கென ஒதுக்கிவைத்துள்ள சொற்கள் 35 மட்டுமே. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்ட மொழி இது. இச்சொற்களைச் சில நாட்களில் கற்றுவிடலாம். எனினும், கற்றவர் யாவரும் தொழிலுக்குத் தகுதி பெற்றுவிடுவதில்லை. காரணம் என்ன?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 0.1, 0.2 ஆகிய இரண்டையும் கூட்டுமாறு பைத்தானுக்குக் கட்டளையிடுங்கள். விடை 0.30000000000000004 என்று வரும்! மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் 0.333 என முடிவின்றி நீளுமன்றோ? அவ்வாறே, இரண்டை அடியாகக் கொண்டு எண்ணும் கணினிக்குப் பத்தில் ஒரு பங்கு முடிவற்ற பின்னம். அதனை ஓரிடத்தில் நறுக்கியே நினைவில் வைக்கிறது. இதனை உணர்ந்தவர், பணக்கணக்கு எழுதுங்கால் ரூபாயைப் பின்னமாக வைக்காமல், பைசாக்களை முழு எண்ணாகவே வைப்பார்.

மற்றொன்று: அகர வரிசையில் அமைந்த 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேடவேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் 10 லட்சம் முறையும் பார்க்க நேரலாம். பட்டியலை நடுவில் பிரித்து, வேண்டாத பாதியை ஒவ்வொரு முறையும் தள்ளிவந்தால் ஏறத்தாழ 20 முறை போதும். சொற்கள் அவையே, சிந்தனைதான் வேறு.

ஆகவே, முதலில் மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு ஆகிய நான்கையும் கைப்பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். பிறகு, தரவுகளை அடுக்கிவைக்கும் முறைகளைப் பயிலுங்கள். அடுத்து, பிறர் எழுதிய நிரல்களைப் படியுங்கள். உங்கள் நிரலுக்குச் சோதனைகள் எழுதுங்கள். 2005இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் போன்ற கருவியால் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யுங்கள்.

வேலை நாடிவரும் இளைஞர்களை நேர்காணும் வாய்ப்பு எனக்குண்டு. "நீங்கள் எழுதிய நிரலில் நேர்ந்த பிழையை எவ்வாறு கண்டறிந்தீர்கள்?" என்பதே என் முதல் வினா. பாடத்தை மட்டும் பின்பற்றியவர்கள் மௌனமாகிவிடுகின்றனர். விடுதிச் சாப்பாட்டுக் கணக்கையேனும் தாமே எழுதிப் பார்த்தவர்கள் உற்சாகத்துடன் விளக்கத் தொடங்குகின்றனர்.

கேட்டமாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் பொறிகள் இன்று வந்துவிட்டன. இனி நாம் கற்பானேன் என்று சிலர் வினவுகின்றனர். பொறி தந்த நிரல் வங்கிக் கணக்கைத் தவறாகக் கூட்டினால் பொறியிடமா விளக்கம் கேட்பார்கள்? அதனை ஏற்றுக்கொண்டவரையே கேட்பார்கள். பிழையைக் காணும் கண் இல்லாதவர் அப்பொறுப்பை ஏற்பது எங்ஙனம்?

உங்கள் ஊர் நூலகரை அணுகி, எந்தப் பதிவேடு அவருக்கு மிகுந்த தொல்லை தருகிறதென்று கேளுங்கள். அதற்கொரு நிரல் எழுதிக் கொடுங்கள். அவர் கூறும் குறைகளைக் களைந்து மீண்டும் கொடுங்கள். தொழில் என்பது அங்கேயே தொடங்கிவிடுகிறது.