பழைய காரின் பெட்ரோல் பம்பு



பள்ளத்தில் நிற்கும் நீர் மேட்டு வயலுக்குத் தானே ஏறாது என்பதை நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அதற்கு ஓர் இறைவை வேண்டும். காரிலும் இதே நிலைதான். பெட்ரோல் தொட்டி பின்புறத்தில் தாழ்ந்து கிடக்கிறது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரோ முன்புறத்தில் உயர்ந்து நிற்கிறது. இடையே நின்று இறைத்துக் கொடுப்பதே பெட்ரோல் பம்பு.

நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய பிரிட்டிஷ் வழிக் கார்களில் இது இருவகைப்படும். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்து, வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடரிலும், 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் எஞ்சினே பம்பை இயக்கும். கேம் தண்டு சுழல, நெம்புகோல் ஒன்று அசைந்து சவ்வை இழுக்கும். சுருள்வில் அதனைத் திரும்பத் தள்ளும். மோரிஸ் மைனரிலோ சவ்வை இழுப்பது மின்காந்தம். சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று ஒலிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் அடங்கும். அடங்காமல் ஒலித்தால் தொட்டி வறண்டிருக்கலாம். அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். பெட்ரோல் வராமலும் ஒலி எழாமலும் இருந்தால் மின்தொடர்பையும் பாயின்டுகளையும் சோதிக்க வேண்டும். செவியே இங்கு முதற்கருவி.

புதிய பம்பு வாங்குவோர் வலிமை மிக்கதே சிறந்தது என்று எண்ணலாகாது. அழுத்தம் மிகுந்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வு தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான எஞ்சின்மேல் விழும். விளைவு தீ அன்றோ? மேலும், பழைய மைனர்களில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அதனை அறியாது பொருந்தாத எலக்ட்ரானிக் பம்பைப் பூட்டினால் பம்பு கெடும்.

இனிப் பராமரிப்பு. எஞ்சினால் இயங்கும் பம்பில் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் உள்ளே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். எண்ணெய் அளவுக்கம்பியில் பெட்ரோல் நெடி வீசினால் வண்டியை ஓட்டற்க. இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் அதனைத் தாங்காமல் உப்பிப் பிளக்கும். ஆதலின் எத்தனாலைத் தாங்கும் சவ்வும் குழாயுமே வேண்டும்.

கோடை நண்பகலில் மலைப்பாதை ஏறும்போது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுவதுண்டு. திரவத்தை இறைக்கும் பம்பு ஆவியை இறைக்க மாட்டாது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டுநர்கள் காத்திருப்பதன் காரணம் இதுவே. பள்ளியில் நீங்கள் கற்கும் ஆவியாதலும் குளிர்தலும் அத்துணியில் இருக்கின்றன.

பம்பைக் கழற்றுமுன் பாட்டரி இணைப்பை நீக்குங்கள். அருகில் பீடியும் தீக்குச்சியும் வேண்டா. காரணத்தை வரிசையாகத் தேடிக் கண்டபின்னரே பொருளை மாற்றுங்கள். பணமும் மிஞ்சும், அறிவும் வளரும்.