மேய்ச்சல் நிலத்திற்கும் ஓய்வு வேண்டும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

நெல்லுக்கு எருவிடுகிறோம், களை எடுக்கிறோம். புல்லும் ஒரு பயிரே என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் ஆண்டு முழுவதும் ஆடுமாடுகள் நிற்பின், தளிர் தலைகாட்டும் போதெல்லாம் கடிபடுகிறது. இலையில்லாப் புல்லுக்கு வேரோட வழியில்லை. வேர் மடிந்தால் மண் இறுகும். மழைநீர் உள்ளிறங்காமல் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். பின்னர் அங்கே எஞ்சுவன ஆவாரையும் சீமைக் கருவேலுமே.

இதற்கு மாற்றினைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. காங்கயம், தாராபுரம் பகுதிகளிலுள்ள கொறங்காடுகளைக் காணுங்கள். சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி; தரையில் கொழுக்கட்டைப்புல்; இடையிடையே வெள்வேல மரங்கள். மழை குறைந்த அச்சீமையில் காங்கயம் மாடுகளை வளர்த்தவை இக்காடுகளே. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் தீனியாகிறது. வேலியிட்டுப் பிரித்திருப்பதால் ஒன்றில் மேய்த்து, மற்றொன்றை வளரவிட முடிகிறது. சாணமும் மூத்திரமும் மேய்ந்த இடத்திலேயே விழுந்து மண்ணைச் சேர்கின்றன.

நமது மேய்ச்சல் நிலத்தையும் நான்கு பாகமாக்குவோம். முதலாண்டு ஒரு பாகத்தை மட்டும் மூடி, கிளுவைப் போத்துக்களை வரிசையாக நட்டு, ஐப்பசி மழைக்கு முன் உழுது வைப்போம். கொழுக்கட்டைப்புல் விதை ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ போதும். புது விதை சரிவர முளைக்காது. சில மாதங்கள் சேமித்து வைத்த விதையே நன்று. மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் சேர்த்தால், அது காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குத் தரும். விதை முற்றி உதிரும்வரை அங்கே கால்நடைகளை விடலாகாது. அதன் பின்னரும், புல் பாதி மேய்ந்தவுடன் மந்தையை அடுத்த பாகத்திற்கு ஓட்டிவிட வேண்டும்.

“மூடிவிட்டால் எங்கள் ஆடுகள் எங்கே போகும்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நிலமற்றவருக்கு இப்புறம்போக்கே நிலம். ஆதலின் முழுவதையும் ஒருங்கே மூடுதல் தகாது. எஞ்சிய மூன்று பாகங்களும் திறந்திருக்கட்டும். மூடிய பாகத்தில் விதை உதிர்ந்த பின் அறுக்கும் புல்லை நிலமற்ற ஆட்டுக்காரருக்கே முதலில் பங்கிடுவோம். எப்பாகத்தை எப்பொழுது மூடுவது என்பதையும் அவர்களை வைத்துக்கொண்டே முடிவு செய்வோம். அவர்கள் ஒப்பாத வேலி ஓர் இரவும் நில்லாது.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலத்தை ஊராட்சியின் பொறுப்பில் ஒப்படைத்துள்ளது. ஆகவே ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானியுங்கள். அதன் பின் உழவுக்கும் வேலிக்கும் இரண்டு மாதமே இருக்கும். ஐப்பசி மழை எவருக்காகவும் காத்திராது.