ரத்தத்தில் இருப்பதும் பழக்கத்தில் வருவதும்

(சென்ற ஆண்டு பரிசளிப்பு நாளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



மனிதன் நடந்துகொள்ளும் முறைக்குக் காரணம் பிறவியா, வளர்ப்பா என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்புத்தான். ஆனால் இதை எனக்கு முதலில் எடுத்துப் போட்டவர் பேராசிரியர் யாரும் இல்லை. பால்மரம் வெட்டிய ஒரு தகப்பனார்.

1978-ஆம் ஆண்டு. நான் ஒரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். வகுப்பில் ஒரு பையன். கரும்பலகையில் எழுதிப் போட்டால் நாலு எழுத்துக்கு மூன்று எழுத்து தப்பாக எழுதுவான். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்ப்பான். அடித்துப் பார்த்தேன். (அந்தக் காலத்தில் அடித்தோம். மறைத்துப் பேச விரும்பவில்லை.) பயனில்லை என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பினேன். தகப்பனாரைக் கூப்பிட்டு விட்டேன். அவர் பிரட்டுக் களத்தில் நிற்பதைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்: "வாத்தியாரே, அவன வையாதீங்க. அவன் தாத்தாவும் இப்படித்தான். எங்க பரம்பரையிலேயே படிப்பு கெடையாது. ரத்தத்துல இல்லாதது எங்கேர்ந்து வரும்?"

நான் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பையன் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்த "ரத்தம்" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம்.

என் சிறுவயதில் எங்கள் லயத்தில் ஓர் அத்தை இருந்தார். சீனக் குடும்பத்தில் பிறந்தவர். போருக்கு முன்னும் பின்னும், வறுமையாலும் ஆண்பிள்ளை மேல் இருந்த ஆசையாலும், பல சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தன. இங்கே இருக்கும் பெரியவர்கள் பலருக்கு அப்படி ஓர் அத்தையோ பாட்டியோ இருப்பார். எங்கள் அத்தை சேலை கட்டுவார், குங்குமம் வைப்பார், தீமிதிக்கு நாற்பது நாள் விரதம் இருப்பார். கோபம் வந்தால் அவர் வாயிலிருந்து வரும் தமிழைக் கேட்கவேண்டுமே! லயமே அடங்கிவிடும். புதிதாக வந்த கிராணி ஒருவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் மலாயில் பேச, "ஏங்க, ஒங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டாராம்.

நம்மில் பலருக்கே வராத "ழ" அவர் நாவில் சுத்தமாக நிற்கும். எப்படி? பச்சைக் குழந்தையின் காது எந்த இனத்துக்கும் உரியதன்று. 1984-இல் கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியில் உள்ள, நம் "த", "ட" போன்ற ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்கவிட்டார்கள். ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் காதுக்கு அவ்விரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு மாதம் ஆனபோது அந்தத் திறமை பெரும்பாலும் போய்விட்டது. வீட்டில் கேட்காத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது. பேசும் திறமை பிறவியில் வருவது. எந்த மொழி என்பதைத் தொட்டிலைச் சுற்றி நின்றவர்கள் முடிவு செய்கிறார்கள். எங்கள் அத்தையின் தொட்டிலைச் சுற்றித் தமிழ் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. அத்தையை வளர்த்த பாட்டி மாடு வைத்திருந்தார். மாலையில் ஒரு டம்ளர் பசும்பாலைப் பிள்ளைக்குக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடா என்று உருளும். பாட்டி சாமிக்கு நேர்ந்துகொண்டார், மந்திரித்தார். ஒன்றும் ஆகவில்லை. நாக்கு தமிழ் கற்றுக்கொண்டது, வயிறு மட்டும் கற்கவில்லை என்று லயத்தில் கேலி செய்வார்கள்.

கேலி செய்தவர்கள் வயிறும் எல்லாம் ஒழுங்கில்லை என்பதுதான் வேடிக்கை. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும. கைக்குழந்தைகளுக்கு அது தாராளமாகச் சுரக்கும். தாய்ப்பால் மறந்தபின் மெல்லக் குறையும். மனிதருக்கு மட்டுமில்லை, பால் குடித்து வளரும் விலங்குகளுக்கெல்லாம் இதுதான் வழக்கம். இன்று உலகத்துப் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது குறைந்துதான் இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளாகக் கால்நடை மேய்த்துப் பாலை நம்பி வாழ்ந்த மக்களிடம், வடக்கு ஐரோப்பாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும், பெரியவரான பிறகும் சுரக்கும் தன்மை பரவியது. பஞ்சத்திலும் நோயிலும் பால் குடித்துத் தாக்குப் பிடித்தவன் பிழைத்தான், அவன் பிள்ளைகள் பெருகினார்கள். இந்தியாவில் வடமேற்கே அது அதிகம்; தெற்கே, கிழக்கே வர வரக் குறைவு. ஆகவே நம்மிலும் பலருக்கு அத்தையின் வயிறுதான்.

மாடு வளர்ப்பது ஒரு பழக்கம்; யாரும் மாட்டுக்கயிற்றோடு பிறப்பதில்லை. அந்தப் பழக்கம் போய் ரத்தத்தையே மாற்றிவிட்டதே! பிறவி ஒரு பக்கம், வளர்ப்பு ஒரு பக்கம் என்று கோடு கிழிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். அத்தைக்கு மோரும் தயிரும் ஒத்துக்கொண்டன. பால் தயிராகும்போது நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. வயிறு செய்யாத வேலையை நம் பாட்டிமார் உறையூற்றிய பானை செய்தது.

பள்ளியில் பால் கொடுத்த காலத்தில் சில பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிவார்கள். "நடிக்கிறான்" என்று நாங்கள் சொன்னதும் உண்டு. நடிப்பில்லை, பாவம்.

மாடு வளர்த்ததுபோல் காடு வெட்டியதும் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் பலருக்குச் சிவப்பணு அரிவாள்போல் வளையும் ஒரு பரம்பரைக் குணம் உண்டு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இதை 1954-இல் ஆந்தனி அலிசன் என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். மேற்கு ஆப்பிரிக்காவில் காட்டை வெட்டிப் பயிர் செய்ததால் வெயில் பட்ட குட்டைகள் பெருகின, கொசு பெருகியது, அதனால்தான் இந்தக் குணம் பரவியது என்று 1958-இல் பிராங்க் லிவிங்ஸ்டன் என்ற மானிடவியலார் எழுதினார். நீலகிரி மலைவாழ் மக்களிடம் இதே குணம் இருப்பது 1952-இல் தெரியவந்தது. நம் நாட்டு ஒராங் அஸ்லி மக்கள் சிலருக்குச் சிவப்பணு முட்டை வடிவில் இருக்கும். கடும் மலேரியாவுக்கு அதுவும் ஒரு தடுப்பு.

சரி, நம் கதைக்கு வருவோம். நம் பாட்டன்மாரைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே காட்டை வெட்டச் சொன்னார்கள். வெட்டினார்கள். குளிர்காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். 1901 முதல் கிள்ளானில் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் இதை ஆராய்ந்தார். கடலோரச் சமவெளியில் சதுப்பை வடித்துக் காட்டை அழித்தால் காய்ச்சல் குறைந்தது, ஏனென்றால் அங்கிருந்த கொசுவுக்கு நிழல் வேண்டும். மலைத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தால் காய்ச்சல் கூடியது! அங்கே ஓடைமேல் வெயில் விழுந்ததும், வெயிலை விரும்பும் வேறொரு கொசு குடியேறிவிட்டது. ஒரே கோடாரிதான், இடத்துக்கு இடம் வேறு பலன்.

ஆப்பிரிக்கரின் ரத்தம் மாற எத்தனையோ தலைமுறை ஆயிற்று. நம்மவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அவர்களைக் காப்பாற்றியது ஓடையைக் குழாய்க்குள் புதைத்ததும், நீரில் எண்ணெய் ஊற்றியதும், கொய்னா மாத்திரையும்தான். "இந்த ஆட்களின் உடம்பு இவ்வளவுதான்" என்று வாட்சன் கையைக் கழுவியிருந்தால், நம்மில் எத்தனை பேர் இன்று இங்கே உட்கார்ந்திருப்போமோ தெரியாது.

இப்போது அந்தப் பையன்.

ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்தார். நம் பையன் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "வாத்தியார், இவன் கண்ணப் பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. அவன் ஏட்டைப் பார்த்தேன், மதிப்பெண்ணைப் பார்த்தேன், பிரம்பைப் பார்த்தேன். பட்டணத்தில் சோதித்தால் கடுமையான கிட்டப்பார்வை. அவனை நான் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன்.

தகப்பனார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கண்ணாடி வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு வந்த காலை, பள்ளி வாசலில் நின்று எதிரே இருந்த நிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வாத்தியாரே, அந்தக் கடைசி மரத்துல மங்கு தெரியுது" என்றான்.

தகப்பனார் சொன்னது பாதி சரி, பாருங்கள். கிட்டப்பார்வை பரம்பரையாக வரக்கூடியதுதான். படிக்காத அந்தத் தாத்தாவுக்கும் ஒருவேளை அதே கண்ணாக இருந்திருக்கலாம். அந்தக் குடும்பத்து ரத்தத்தில் ஏதாவது இருந்தது என்றால் அது கண்ணைப் பற்றியது. படிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இரண்டு தலைமுறையாக அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

கண்ணும் முழுக்க விதிப்படி நடப்பதில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் இருந்த ஆறேழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். கிட்டப்பார்வை உள்ள பெற்றோர் இரண்டு ஊரிலும் கிட்டத்தட்டச் சமம். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்குத்தான். சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படித்தவர்களும் இல்லை, அதிகமாகவே படித்தார்கள். ஆனால் அவர்கள் வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம். வெளிச்சத்தில் இருக்கும் கண் மிதமிஞ்சி நீளாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆகவே தாய்மார்களே, சாயங்காலம் திடலில் பந்து உதைக்கும் பிள்ளையைக் காதைத் திருகி உள்ளே இழுக்காதீர்கள். கைப்பேசியோடு மூலையில் கிடக்கும் பிள்ளையை இழுத்து வெளியே விடுங்கள்.

நிறைய பேசிவிட்டேன், பிள்ளைகள் நெளிகிறார்கள். கடைசியாக ஒன்று. நூலகச் சுவரில் எழுத்துப் பலகை ஒன்றை மாட்டியிருக்கிறோம். இருபது அடி தள்ளித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது. விழா முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பிள்ளையை அந்தக் கோட்டில் நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடி வாசிக்கட்டும், பிறகு மறு கண்ணை. இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளும் வரலாம். வாங்காத பிள்ளைகள் முதலில் வரட்டும்.