முகம் உண்டு, பெயர் இல்லை



1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது தாது வருடப் பஞ்சம். இன்றைய தருமபுரி அன்று சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. அம்மாவட்டமும் பஞ்சத்திற்குத் தப்பவில்லை. திருச்சி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளின் ஏழை மக்கள் கடல் கடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களை அடைந்தனர்.

அதே காலத்தில் அத்தீவில் வாழ்ந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் படம்பிடித்துப் புகழ்பெற்ற அவ்வம்மையார், 1875இல் கணவருடன் இலங்கையில் குடியேறினார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. தம் வீட்டைச் சுற்றியிருந்த ஏவலரையும் உழைப்பாளரையும் அவர் படமெடுத்தார். 1879இல் அங்கேயே மறைந்தார்.

களுத்துறை உழவர் சிலரை அவர் எடுத்த படம் ஒன்று உண்டு. சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், தந்தை எனக் கூறிய முதியவர் தமக்கு வயது நூறு என்றார் என்றும் அதன் தலைப்புக் குறிக்கிறது. வயதைக் கேட்டு எழுதிய தலைப்பில் பெயர் இல்லை. டென்னிசனின் படத்தில் டென்னிசன் இருக்கிறார். இங்கே உழவர் மட்டுமே இருக்கின்றனர்.

கொழும்பின் வணிக ஒளிப்பட நிலையங்களோ 'தமிழ்ப் பெண்', 'கூலி' என்று இனமும் தொழிலுமே எழுதிப் பயணிகளுக்குப் படங்களை விற்றன. ஈரக் கண்ணாடித் தகட்டில் படம் பதியச் சில நொடிகள் அசையாது நிற்க வேண்டும். அம்முகங்களின் இறுக்கத்தை அடக்கம் என்றோ அச்சம் என்றோ உடனே முடிவு கட்டிவிடலாகாது.

தோட்டத்தில் அவர்களுக்குப் பெயர் இருந்தது. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், கூலிக் கணக்கிற்காக அது அழைக்கப்பட்டது. கணக்கேடு பெயரை வைத்துக்கொண்டது. படம் முகத்தை வைத்துக்கொண்டது. இரண்டையும் இணைத்துவைக்க எவரும் கருதவில்லை.

குரல் மட்டும் வேறிடத்தில் தங்கியது. மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். லயத்து அறையின் நெருக்கடியும், கங்காணியின் கடுமையும், ஊர் நினைவும் அத்தகைய பாடல்களில் உயிரோடு இருக்கின்றன. படம் சொல்லாததைப் பாட்டுச் சொல்கிறது.

கவிஞர்களே, பழைய படம் ஒன்றைப் பாட வருபவர் அம்முகத்திற்குக் கற்பனைப் பெயர் சூட்டுவது எளிது. அது இன்னொரு தலைப்பாகவே முடியும். பெயர் கேட்கப்படவில்லை என்ற உண்மையைப் பாடுவதே அம்மக்களுக்குச் செய்யும் நேர்மை.