கடை வாடகையும் கள்ளச் சரக்கும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

   

சற்று முன்னர் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிக்கக் கேட்டீர்கள். இமாம், முஅத்தின் ஆகியோரின் சம்பளமும் பள்ளிவாசலின் மின்கட்டணமும் பெரும்பாலும் கடை வாடகையிலிருந்தே கொடுக்கப்படுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வாடகையில் இவ்வாண்டு மூன்று மாதத் தொகை குறைந்திருப்பது ஏன் என்று சிலர் வினவினர். வினவியது நியாயமே. அதற்குரிய விடையே இவ்வுரை.

மக்தப் மதரஸாவில் ஓதும் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் பையிலிருந்து, உதட்டிடுக்கில் வைத்துக்கொள்ளும் சிறிய புகையிலைப் பொட்டலங்களை உஸ்தாத் கண்டெடுத்தார். எங்கே வாங்கினாய் என்று கேட்டபோது அவன் கை நீட்டிக் காட்டிய கடை, நம் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடை. முதலில் நாம் நம்பவில்லை. நேரில் சென்று பார்த்தபோது பிஸ்கட் டின்களுக்குப் பின்னால் சாக்குப்பை ஒன்று இருந்தது. கடைக்காரர் நமக்கு அந்நியரல்லர். "நான் ஒருவன் மட்டுமா விற்கிறேன்? ஊரெல்லாம் விற்கிறதே" என்றார். கடையைக் காலி செய்யச் சொன்னோம். மூன்று மாதங்கள் அது பூட்டிக் கிடந்தது.

அவரை மட்டும் குறை கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. மாதந்தோறும் ஐந்தாம் தேதி வாடகை கேட்டுச் சென்ற நாம், அங்கே என்ன விற்கப்படுகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. இது நம்முடைய தவறு. இதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

எது சட்டவிரோதம்?

பீடியும் சிகரெட்டும் உடலுக்குக் கேடு. ஆயினும் வரி செலுத்தி, எச்சரிக்கைப் படம் அச்சிட்டு, வயது வந்தோருக்கு விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நாம் இன்று பேசுவது அதற்கும் அப்பாற்பட்ட கள்ள வணிகத்தைப் பற்றியது. அது மூன்று வகைப்படும்.

முதலாவது, தடை செய்யப்பட்ட குட்கா, மெல்லும் புகையிலை வகைகள். தமிழக அரசு 2001-ஆம் ஆண்டிலேயே இவற்றைத் தடை செய்தது. அத்தகைய தடை விதிக்க அன்றைய உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தில் மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்னும் அடிப்படையில் 2004-இல் உச்சநீதிமன்றத்தில் இவ்வகைத் தடைகள் வீழ்ந்தன. பின்னர் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 மே மாதத்தில் மீண்டும் தடை பிறப்பிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீட்டித்த ஆணையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அதன் பின்னரும் அரசு தடையை நீட்டித்து வந்திருக்கிறது. "தடை நீங்கிவிட்டது" என்று சில வியாபாரிகள் சொல்வதை ஆதலால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, கடத்திவரப்படும் வெளிநாட்டு சிகரெட். இந்தியாவில் விற்கப்படும் சிகரெட் பெட்டியின் இரு முதன்மைப் பக்கங்களிலும் 85 சதவீத அளவுக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்க வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. அப்படமின்றிப் பளபளப்பாக வரும் பெட்டி, கள்ள வழியில் வந்தது என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

மூன்றாவது, பெயர்பெற்ற பீடி, சிகரெட்டுகளின் முத்திரையைப் போலியாக அச்சிட்டு, வரி கட்டாமல் விற்கப்படும் சரக்கு.

இம்மூன்றையும் தவிர, மின்சிகரெட் எனப்படும் கருவியும் 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தால் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. அதை விற்பது மட்டுமன்றி, விற்பதற்காகச் சேமித்து வைப்பதும் குற்றமாகும்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி

இச்சரக்கு எவ்வாறு நம் தெருவுக்கு வருகிறது? வேறு மாநிலங்களிலிருந்து லாரிகளில் காய்கறிக்கும் மளிகைக்கும் அடியில் வருகிறது. பெரிய கிடங்கிலிருந்து சிறிய கிடங்குக்கும், அங்கிருந்து இருசக்கர வாகனத்தில் பெட்டிக்கடைக்கும் போகிறது. தடை இருப்பதாலேயே அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக விற்க முடிகிறது. ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் கிடைக்காத லாபம் ஒரு சிறு பொட்டலத்தில் கிடைக்கிறது. சிறு கடைக்காரரை வீழ்த்துவது இந்த ஆசைதான். பிடிபடுபவரும் பெரும்பாலும் அவர்தான். கடைக்கு முத்திரை வைக்கப்படும்போது பெரிய முதலாளி எங்கோ இருப்பார்.

பான் மசாலாவை ஒரு பொட்டலமாகவும் புகையிலையை மற்றொரு பொட்டலமாகவும் விற்று, வாங்குபவரே கலந்துகொள்ளட்டும் என்னும் தந்திரமும் நாட்டில் நடந்தது. இதையும் தடுக்குமாறு 2016-இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. இவ்வணிகத்துக்கு அதிகாரிகள் சிலர் துணைபோனதாக எழுந்த புகாரை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்கும்படி 2018 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் உங்கள் நினைவில் இருக்கும். எனவே எல்லாவற்றையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று நாம் ஒதுங்கி இருக்க இயலாது.

நம் வீடுகளோடு தொடர்புடையவை

வளைகுடா நாடுகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளிடம், "இந்தப் பெட்டியை மட்டும் எடுத்துப் போங்கள், விமான நிலையத்தில் ஒருவர் வாங்கிக்கொள்வார்" என்று சிகரெட் பண்டல்களைக் கொடுத்து அனுப்புவோர் உண்டு. இவ்வாறு போவோரைக் குருவி என்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் பயணிகள் உடைமை விதிகள் ஒருவருக்குத் தீர்வையின்றி அனுமதித்தது 100 சிகரெட்டுகளை மட்டுமே. சில ஆயிரம் ரூபாய்க்காகச் சுங்கத்துறையில் பெயர் பதிவாகி, மறுபடியும் வேலைக்குச் செல்ல இயலாமல் போனால் குடும்பத்தின் கதி என்ன? பெற்றோர்கள் தொலைபேசியில் பேசும்போது இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் மேலப்பாளையம் போன்ற ஊர்களில் நம் சமுதாயப் பெண்கள் ஏராளமானோர் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் அவர்களுக்குச் சில உரிமைகளை அளித்தது. போலி முத்திரையில் பீடி செய்பவன் அரசுக்கு வரியும் கட்டுவதில்லை; சுற்றியவளுக்கு வைப்புநிதியும் தருவதில்லை; தொழிலாளியென்று அவள் பெயரை எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. கள்ள வணிகம் ஏழைகளுக்குப் பிழைப்பளிக்கிறது என்று வாதிடுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

"நம் பாட்டனார் வெற்றிலையோடு புகையிலை போடவில்லையா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட ஆய்வு நூல் வகைப்படுத்தியது. குட்காவில் பாக்கும் புகையிலையும் சேர்ந்தே இருக்கின்றன. வாய் இறுகி, விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் தவிப்போரை மருத்துவமனைகளில் காணலாம். 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்தினர். வயது வந்தோரில் மெல்லும், உறிஞ்சும் வகைகளைப் பயன்படுத்தியோர் 21.4 சதவீதம்.

உலக நாடுகளும் இதை உணர்ந்திருக்கின்றன. புகையிலைக் கள்ள வணிகத்தை ஒழிப்பதற்கான உடன்படிக்கை 2012 நவம்பரில் தென்கொரியாவின் சியோல் நகரில் ஏற்கப்பட்டு, 2018 செப்டம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் இணைந்துள்ளது. ஒவ்வொரு பெட்டியும் எந்த ஆலையில் உருவாகி எவ்வழியே சென்றது என்பதைக் குறியீட்டின் மூலம் கண்டறியும் ஏற்பாட்டை உறுப்பு நாடுகள் செய்ய வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். ஆலையிலிருந்து வழியைக் காண்பது அரசுகளின் வேலை. கடைசியில் அது வந்து சேரும் தெரு நம்முடையது.

நிர்வாகக் குழுவின் தீர்மானங்கள்

1. பள்ளிவாசல் கடைகளின் வாடகை ஒப்பந்தத்தில், தடை செய்யப்பட்ட பொருளை விற்றால் ஒப்பந்தம் முடிவுறும் என்னும் வரி சேர்க்கப்படும். புதிய குடியிருப்பாளர் இதற்குக் கையொப்பமிட்டிருக்கிறார்.

2. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டோருக்கு எங்கும் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டின் சட்டம். சிறுவர்களுக்குப் புகையிலை கொடுப்போருக்கு 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் விதிக்க 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. மஹல்லாவின் எல்லாக் கடைக்காரர்களுக்கும் இதை நேரில் சென்று அன்போடு தெரிவிப்போம்.

3. அதன் பின்னரும் விற்போர் பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஜமாஅத்தின் பெயரிலேயே எழுத்து மூலம் புகார் அளிப்போம். உறவினர், நண்பர் என்னும் பாகுபாடு இராது.

4. பழக்கத்துக்கு ஆளான பிள்ளைகளைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்த மாட்டோம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் செலவை ஜமாஅத் ஏற்கும்.

அந்தச் சிறுவன் இப்போதும் மதரஸாவுக்கு வருகிறான். பெயரை யாரும் கேட்க வேண்டாம். நாமும் சொல்ல மாட்டோம். கடையைக் காலி செய்த சகோதரருக்கும் கதவு அடைக்கப்படவில்லை. நேரிய சரக்கோடு வந்தால் அவருக்கும் வேறு கடை கொடுக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

மூன்று மாத வாடகை குறைந்ததற்கு நாம் வருந்தவில்லை. கணக்கில் அந்த இடம் வெறுமையாக இருப்பதைவிட, பிள்ளைகளின் வாயைப் புண்ணாக்கிய காசு அங்கே நிரம்பியிருப்பதே நமக்கு இழப்பு. இத்தீர்மானங்களை நிறைவேற்ற ஒவ்வொரு குடும்பமும் துணை நிற்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.